மின்விசிறியை நிறுத்தாதே

ஞாயிறு தொடங்கியது. இன்று புதன்.
இடது காதுக்குள் யாரோ
பழைய தொலைக்காட்சி ஒன்றைப் போட்டுவிட்டு
அணைக்காமல் ஊருக்குப் போய்விட்டார்கள்.

நாரஹேன்பிட்டியில், சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய அறைக்குள்
திலினியிடம் இப்படித்தான் சொன்னேன்.
ஆறாயிரம் ஹேர்ட்ஸ் என்று தாளில் புள்ளி வைத்தாள்.
பிறகு கேட்டாள்,
பக்கத்தில் பெரிய வெடிச்சத்தம் ஏதாவது, எப்போதாவது?
எந்த வருசம் வேண்டும் என்றேன்.
அவள் பேனை கொஞ்ச நேரம்
தாளுக்கு மேலேயே நின்றது.

மருந்தில்லை. மூளை மெல்ல மெல்லக் கவனிக்காமல் விடும்.
எந்நேரமும் அடைப்பான் போடவேண்டாம்,
பட்டினி கிடந்த காது
கரண்டிச் சத்தத்தையும் இடியாகத் தின்னும்.
சிங்களத்தில்தான் சொன்னாள்.
பழக்கதோசத்தில் நான் உதட்டுக்குள் தமிழாக்கினேன்.

காதிரைச்சல் என்கிறது அகராதி.
இரைச்சல் மழைக்குச் சொல்வது, சந்தைக்குச் சொல்வது.
இது ஊசியால் எழுதிய ஒரே எழுத்து,
முடிவில்லாத ஒற்றைக் கோடு.

எவர்சில்வர் தட்டுகளை நிமலரூபன்
அலமாரியின் உச்சிக்கு அனுப்பிவிட்டான்.
மெலமைனில் சாப்பிடுகிறோம்.
தும்மினாலும் சொரி சொல்கிறான்.
அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பாண் ஓட்டோ வருகிறது.
அது ஒழுங்கைக்குள் திரும்ப முதலே
என் தோள்கள் அறிந்து மேலேறுகின்றன.
நேற்று மூன்று மாடி இறங்கி ஒரு மாலுபாண் வாங்கினேன்.
எடுத்துத் தரும்வரை அந்தப் பாட்டை நிறுத்தினான்.
நூற்றிருபது ரூபாய்க்கு இரண்டு நிமிடம்.
விலை பரவாயில்லை.

புதுக்கடை நீதிமன்றத்தில் நான் மொழிபெயர்ப்பாளர்.
கேட்பதுதான் என் சம்பளம்.
இன்று கூண்டில் நின்ற மீன் வியாபாரி
கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்:
எனக்கு ஒண்டுமே கேக்கேல்லை, ஐயா.
அந்த ஒண்டுமே எப்படி இருக்கும் என்று
ஒரு கணம் பொறாமைப்பட்டேன்.
நீதவான் நிமிர்ந்து பார்த்தார்.
மொழிபெயர்த்தேன்.
பின்னால் யாரோ இரும்பு அலமாரியை அறைந்து சாத்த
காதிலிருந்து கடைவாய்ப்பல் வரை ஒரு சூடான கம்பி.
மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு
அடுத்த கேள்வியை மறுபடி கேட்கச் சொன்னேன்.
இந்த வாரத்தில் அது ஐந்தாவது தடவை.

வேலை முடிந்து வெள்ளவத்தையில் இறங்கினால்
தண்டவாளம் தாண்டிக் கல்லணையில் உட்காருவேன்.
கடல் அந்தக் கோட்டை அழிப்பதில்லை.
அதன்மேல் ஈரச் சாரமொன்றைக் காயப்போடும், அவ்வளவுதான்.
அதுவும் ஐந்து ஐம்பது பாணந்துறை ரயில் வரும்வரை.
நேரம் எனக்கு மனப்பாடம்.
ஹோர்ன் அடிக்க முதலே இரண்டு கையாலும் பொத்தினேன்.
பக்கத்தில் இறால் வடை தின்றுகொண்டிருந்த சிறுமி
விளையாட்டு என்று நினைத்துத் தானும் பொத்தினாள்,
ஒரு கன்னமெல்லாம் எண்ணெய்.
கடைசிப் பெட்டி போனதும்
இருவரும் ஒன்றாகக் கையை எடுத்தோம்.
அவள் சிரித்தாள்.
எனக்குள் அது அப்படியேதான் இருந்தது,
ஆனாலும் சிரித்தேன்.

இரவுக்கு இரண்டு துணை:
எந்த நிலையத்திலும் நிற்காத வானொலியின் சரசரப்பு,
தலைக்கு மேலே கிறுக்கென்று ஒருபக்கம் சாயும் மின்விசிறி.
எண்ணெய் விடவா என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.
அந்தக் கிறுக்கையும் சேர்த்துத்தான் நான் தூங்குகிறேன்.

ஒன்றரை மணிக்குக் கரண்ட் போனது.
விசிறி கடைசிச் சுற்றைச் சுற்றி நின்றது.
ஊரே அடங்க
அது அறையளவு பெரிதானது,
பிறகு ஒழுங்கையளவு.
எழுந்து உட்கார்ந்தேன்.
ஒன்றும் சொல்லவில்லை.

இருட்டில் அவன் எதையோ தேடினான்.
பழைய வழக்குக் கோப்பின் மட்டை.
என் இடது பக்கம் வந்து
விசிறத் தொடங்கினான்.
மட்டை காற்றில் அடிக்கும் மெல்லிய தப்தப்.
கை மாற்றினான். கொட்டாவி விட்டான்.
அந்தக் கொட்டாவிக்கு மட்டும் சொரி சொல்லவில்லை.

சத்தம் கூடவா, என்றான்.
இல்லை, என்றேன்.
இன்னும் கொஞ்சம்.