மே மாதத்து உப்பு

ரீகாவிலிருந்து பிப்ரவரியில் கடிதம் வந்தது:
நூற்றுக்கு நாற்பது குறைக்கவும்.
எதை என்று அதில் இல்லை.
எதை என்று எழுதத்தானே
நகராட்சியில் என்னைக் கணக்கராக வைத்திருக்கிறார்கள்.

சிவப்புப் பென்சிலைச் சீவினேன்.
நூலகம், வாரத்துக்கு மூன்று நாள்.
நாடக அரங்கின் நடைவழியில்
மூன்றில் இரண்டு விளக்குகளைக் கழற்றலாம்.
ஓவியப் பள்ளிக்கு வர்ணம் வேண்டாம், கரி போதும்.
கரிக்குப் பஞ்சமில்லை, கொதிகலன் அறை நிறைய.
பாடகர் குழுவை நடத்தும் அவுஸ்மாவுக்கு
அரைச் சம்பளம்.

"அப்படியானால் பாட்டில் எந்தப் பாதி வேண்டும்,
மேல்குரலா, கீழ்க்குரலா?" என்றாள்.
மேயர் ஓயார்ஸ் சிரித்தார்.
சிரித்த வாயோடு, அவளைப் பார்க்காமல்,
கையெழுத்திட்டார்.

பதினேழாம் வரிசை:
பியானோவுக்குச் சுருதி சேர்த்தல்,
ஆண்டுக்கு ஒருமுறை, நூற்றுநாற்பது லாட்.

அதற்குள் வெல்டா எழுந்துவிட்டாள்.
குளிர்ந்த மண்டபம், எல்லோரும் மேலங்கியோடு.
அவள் மட்டும் பொத்தான்களைக் கழற்றியிருந்தாள்.
"பிரசவ வார்டை மூடினீர்கள்.
என் மகள் பாதி வழியில், வண்டிக்குள்,
பனிக்கலப்பைக்குப் பின்னால் காத்திருந்து பெற்றாள்.
எனக்கு எதற்குப் பியானோ?"

யாரிடமும் பதில் இல்லை.
என்னிடமும் இல்லை, இன்றுவரை.
மருத்துவமனையை மூடியது எங்கள் நகராட்சி அல்ல
என்று சொல்லியிருக்கலாம். உண்மைதான்.
ஆனால் அந்தக் குழந்தையையும் அந்தப் பியானோவையும்
ஒன்றுக்கு எதிராக ஒன்றாக
ஒரே தாளில் எழுதி வைத்தது
என்னைப்போல் ஒருவன்தான்.

பதினேழாம் வரிசையை அடித்தேன்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை என்று சொன்னால் பொய்.
நன்றாகத் தூங்கினேன்.
காலையில், யாரும் வருமுன்,
முப்பத்தோராம் வரிசையில்
'சாலைக்கு மணலும் உப்பும்' என்றிருந்ததில்
நூற்றுநாற்பதைக் கூட்டி எழுதினேன்.
ஏன் என்று கேட்டால்
உப்பில்லாப் பண்டத்தைப் பற்றி ஏதோ சொல்லலாம்.
அப்போது எதுவும் தோன்றவில்லை.
கை எழுதியது.

குன்வால்டிஸ் மே மாதம் வந்தான்,
வென்டா ஆற்றில் பனி உடைந்து போன பின்.
இரண்டு நாள் ஒற்றை ஸ்வரத்தைத் தட்டித் தட்டி
பக்கத்து அறையில் என் கூட்டலைக் குழப்பினான்.
ரசீதில் 'உப்பு, பெற்றுக்கொண்டேன்' என்று
முகம் மாறாமல் எழுதிக் கொடுத்தான்.
அடுத்த வாரம் அயர்லாந்துக்கு.
காளான் பண்ணை. மணிக்குக் கூலி.
"காளானுக்குச் சுருதி கிடையாதே" என்றேன்.
"நிம்மதி" என்றான்.

இலையுதிர் காலத்தில் தணிக்கை அதிகாரி வந்தாள்,
சர்மீதே, இருமிக்கொண்டே.
"மே மாதத்தில் உப்பா?"
"கடைசி உறைபனி."
"எத்தனை கிலோ?"
"எண்பத்தெட்டு."
பேனா நின்றது.
திறந்திருந்த கதவு வழியாக
மண்டபத்தில் மூடிக் கிடந்த பியானோவைப் பார்த்தாள்.
கட்டைகளை எண்ணத் தெரிந்தவளோ என்னவோ.
எண்பத்தெட்டு என்று எழுதிக்கொண்டு
இன்னொரு தேநீர் கேட்டாள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால்
நான் நல்லவனாக இருந்திருப்பேன்.

அடுத்த ஆண்டு உப்பில் இடமில்லை.
இடம் இருந்தாலும் ஆள் இல்லை.
கணப்பு அணைந்த மண்டபத்தில்
தந்திகள் மெல்லத் தளர்ந்தன.
ஒரேயடியாக அல்ல, எல்லாம் சேர்ந்து,
அதனால் யாருக்கும் தெரியவில்லை.
அவுஸ்மா அந்தப் பியானோவிடம்தான்
முதல் ஸ்வரத்தைக் கேட்டு வாங்கிக் கொடுத்தாள்,
அதே அரைச் சம்பளத்தில்.
ஊரே அதற்குத் தக்கபடி தாழ்ந்து பாடியது.

கோடையில் ரீகா விழாவில்
பிற ஊர்க்காரர்களோடு நின்றபோதுதான்
எங்கள் வரிசை மட்டும்
ஒரு மயிரிழை கீழே கேட்டது.
திரும்பிப் பார்த்தார்கள்.

இரண்டாம் வரிசையில் வெல்டா,
எல்லோரையும்விட உரக்கப் பாடிக்கொண்டிருந்தாள்.
பேரக் குழந்தை யாரோ ஒருவர் தோளில்.
இருபது வருடமாக அவள் அந்தக் குழுவில் இருக்கிறாள்.
அன்று அவள் கேட்டதை அவள் திரும்பப் பெறவில்லை.
அடித்த வரியை நானும் திரும்ப எழுதவில்லை.

சேமித்தது: நூற்றுநாற்பது லாட்.
அந்த மயிரிழையை எழுத
என் பேரேட்டில்
பத்தி ஏதும் இல்லை.