மூன்றாம் ஓலை

பதினோரு வருடமாக நான்தான் வாசிக்கிறேன்.
நன்மை வாங்கி எல்லாரும் உட்கார்ந்த பிறகு,
விளக்கை அணைக்காமல் வந்த காரின் எண்ணுக்கும்
கடைசிப் பாட்டுக்கும் நடுவில்:

இன்னார் மகன், இன்னார் மகள்,
இந்தப் பங்கு, சுங்கை பட்டாணிப் பங்கு,
முதலாம் ஓலை.
தடை ஏதும் அறிந்தவர்கள்
பங்குத்தந்தையிடம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள்.

ஓலை என்பது ஏ-ஃபோர் தாள்.
பனையேறாத நாக்கு
இன்னும் அதை ஓலை என்றே சொல்கிறது.

ஒரே ஒரு முறை தடை வந்தது.
கூலிமிலிருந்து இரண்டு பஸ் மாறி ஒரு பெண்,
இடுப்பில் குழந்தை,
பிளாஸ்டிக் பையில் கல்யாணச் சான்றிதழ்.
அந்த வாக்கியத்துக்கு நிஜமாகவே காது உண்டென்று
அன்றுதான் தெரிந்தது.
அதிலிருந்து "தடை" என்ற சொல்லில்
என் மூச்சு ஒரு படி இடறும்.
மைக் காட்டிக்கொடுப்பதில்லை.

குணாளன் கோவிலுக்குள் வரமாட்டான்.
வாசலில் என்னை இறக்கிவிட்டு
ஜெலுத்தோங் சந்தைக்கு மீன் வாங்கப் போவான்.
பட்டர்வொர்த்தில் ஃபெரி என்ஜின் பார்க்கிறவன்,
ஞாயிற்றுக்கிழமையும் நகக்கண்ணில் கிரீஸ்.
அசாம் லக்சாவில் சீனி போட்டுக் குடிப்பான்.

இயற்கைக்கு மாறானது என்று
சட்டப் புத்தகத்தில் எங்களுக்கு ஒரு பிரிவு ஒதுக்கியிருக்கிறார்கள்;
சிறையும் உண்டு, பிரம்பும் உண்டு.
பதினாலு வருடமாய் நானும் தேடிப் பார்க்கிறேன்.
அந்தச் சீனியைத் தவிர
வேறெதுவும் அகப்படவில்லை.

வீட்டுக்காரி மிஸஸ் கூவிடம்
மாமன் மகன், அத்தை மகன் என்று சொல்லியிருக்கிறோம்.
பொய்யில்கூட
முறை தவறவில்லை பாருங்கள்.

போன அக்டோபர் அவனுக்கு நெஞ்சுவலி.
பெரிய ஆஸ்பத்திரிப் படிவத்தில் ஒரு கட்டம்: உறவு.
தாதிப் பெண் பேனாவோடு காத்திருந்தாள்.
காவான், என்றேன்.
மலாயில் அது நண்பன்.
தமிழில் எழுதிப் பார்த்தால்
காக்கமாட்டான் என்று பொருள் வருகிறது.

காவானுக்கு இடம் ஐ.சி.யு. கதவுக்கு வெளியே.
ஆறு வருடமாய் அவனோடு பேசாத அக்காள்
ஈப்போவிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து
உள்ளே போனாள். அவள் அக்காள்.
பிளாஸ்டிக் நாற்காலியில் செபமாலை உருட்டினேன்:
பத்து மணி அவனுக்கு,
பத்து மணி அவளுக்கு, சீக்கிரம் வெளியே வரட்டுமென்று.
அது பாவமென்றால் அதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஃபாதர் மனுவேல் நல்லவர்.
என் தோளைத் தொட்டுத்தான் சொன்னார்,
ஆண்டவரின் கருணை பெரிது மகனே என்று.
பெரிதுதான் ஃபாதர்.
ஆனால் கருணைக்குக் கை நீட்ட வேண்டியிருக்கிறது.
உரிமை என்றால்
கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போய்விடலாம்.

பிறகு ஏன் இன்னும் அங்கே போகிறாய் என்கிறார்கள்
கேஎல் நண்பர்கள்.
எனக்கும் முழுப் பதில் தெரியாது.
தகப்பன் பெயர் என்ற கட்டத்தில்
ஊர் சிரிக்கப் பிறந்தவர் அவர்.
கல்யாண வீட்டுக்குப் போனார், ரசம் தீர்ந்ததைக் கவனித்தார்.
வந்தவர்களை வரிசையில் நிறுத்தி
யாருக்கு யார் என்று விசாரித்ததாக
எந்தப் பக்கத்திலும் நான் படிக்கவில்லை.
வாசிக்கிறவன் நான், விட்டிருக்கமாட்டேன்.

இன்று ஒரு ஜோடிக்கு மூன்றாம் ஓலை.
தடை ஏதும் அறிந்தவர்கள், என்று சொல்லிவிட்டு
வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக நின்றேன்.
மின்விசிறி சுற்றியது. ஒரு குழந்தை இருமியது.
அந்த இடைவெளியில்
எங்கள் இரண்டு பெயரையும்
தகப்பன்மார் பெயரோடு,
சத்தமில்லாமல், தப்பில்லாமல் வாசித்தேன்.

யாரும் எழுந்திருக்கவில்லை.

வெளியே மோட்டாரை அணைக்காமல் நின்றான்.
"யாரும் தடை சொல்லலையே?"
எல்லா ஞாயிறும் கேட்கிற கேலிதான்.
இல்லை, என்றேன்.
பின்னால் ஏறி உட்கார்ந்தேன்,
இரண்டு பேருக்கும் நடுவில் மீன் பை, சில்லென்று.
கெம்போங் விலை ஏறிப்போச்சு, என்றான்.