பன்னிரண்டு பவுண்டு கூடுதல்

கணக்கு குறைந்தால் எனக்குத் தூக்கம் வரும்.
யாரோ டீக்குச் சில்லறை எடுத்திருப்பாள்,
எவளோ சர்க்கரை வாங்கிய ரசீதைத் தொலைத்திருப்பாள்.
கூடினால்தான் வராது.

பிப்ரவரி மழை.
மேரிபோர்ட் துறைமுகத்திலிருந்து மேடேறி வரும் காற்று
கோயில் பின்னறைச் சன்னலை ஆட்டிப் பார்க்கிறது.
ஒரே ஹீட்டர். இரண்டு கம்பியில் ஒன்றுதான் சிவக்கும்.
திருமண்டல அலுவலகத்துப் படிவம் கேட்கிறது:
பெண்கள் சங்கக் கிளையின் பெயர்.
பொருளாளர். (ஏவ்ரில் ஃபியரன், நான்தான்.)
உறுப்பினர் எத்தனை பேர்.

போன வருடம் எட்டு.
ஜனவரி பன்னிரண்டில் சந்தா கட்டிய பெரில்
மாதம் முடிவதற்குள் அடக்கமானாள்.
பணம் இருக்கிறது, ஆள் இல்லை.
"அடித்துவிடு" என்கிறாள் டோரீன்.
ஸ்கேலை வைத்தேன். கை போகவில்லை.
குளிரில் மை உறைந்துவிட்டது என்றேன்.

எட்டுப் பன்னிரண்டு தொண்ணூற்றாறு.
தகரப்பெட்டியில் நூற்றெட்டு.
மூன்று முறை எண்ணினேன்.

கேக் விற்ற காசாக இருக்குமோ?
இல்லை, அதற்கு வேறு டப்பா. அது கேரவனுக்கு:
சிலோத் கடற்கரையில் ஒரு வாரம்,
லீவுக்குப் போயே பழக்கமில்லாத ஒரு குடும்பத்துக்கு.
போன ஆகஸ்டில் போய்வந்த பையன்
நண்டுக்கால் ஒன்றைத் தபால் உறையில் போட்டு அனுப்பினான்.
ஒரு வாரம் நாற்றம்.
வந்த நன்றிக் கடிதங்களில்
அதை மட்டும்தான் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

பெட்டியின் அடியில், கடைசியில், பழுப்பு உறை.
பெரிலின் சாய்ந்த எழுத்து:
"இரண்டு சந்தா. ஒன்று எனக்கு."
மற்றது யாருக்கென்று எழுதவில்லை.
எழுத வேண்டிய அவசியமும் இல்லை.

தெல்மா மெம்பர் இல்லை.
முப்பத்துநாலு வருடமாக எலுமிச்சைக் கேக் அவளுடையது.
விற்பனையன்று பத்தரைக்குள் தீர்வது அது ஒன்றுதான்;
என் கேக் சாயங்காலம் என்னோடே வீடு திரும்பும்.
மேசை போடுவாள், கொடி கட்டுவாள்,
கூட்டம் தொடங்கி ஜெபம் சொல்லும்போது
கெட்டிலைப் பார்க்கப் போய்விடுவாள்.

அறுபத்து நான்கில் சேர வந்தாள்.
அந்த வசந்தத்தில்தான் நீதிமன்றம்
அவளை அந்த மனிதனிடமிருந்து விடுவித்திருந்தது.
உடைந்த தாடை கோணலாகச் சேர்ந்திருந்தது.
விவாகரத்தானவர்களுக்கு இடமில்லை, விதி ஆறு.
செயலாளர் பெரில் கடிதம் எழுதினாள்,
முத்து முத்தான எழுத்தில், வருந்துகிறோம் என்று.
அன்று கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி.
எனக்கு இருபத்து மூன்று. புது மோதிரம்.

பத்து வருடம் கழித்து விதியை மாற்றினார்கள்.
யாரும் போய் அவளிடம் சொல்லவில்லை.
அவளுக்குத் தெரியாமலும் இல்லை.

உறையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.
சோப்பு நுரையில் முழங்கைவரை இருந்தாள்.
படித்தாள். ஈரக் கட்டைவிரல் பட்டு
"எனக்கு" கலைந்தது.

"பதில் எழுது" என்றாள்.
"மேலிருக்கும் பெரிலுக்கு.
இடமில்லை, வருந்துகிறோம் என்று.
நல்ல எழுத்தில்."

சிரிக்கலாமா என்று தெரியவில்லை எனக்கு.
அவள் சிரிக்கவில்லை.
நோட்டை மடித்துக் கேரவன் டப்பாவில் திணித்தாள்,
மூடியை உள்ளங்கையால் ஒரு தட்டு.
"அந்தப் பையனுக்கு ஒரு வாளி வாங்கிக் கொடுங்கள்.
நண்டை முழுசாகப் பிடிக்கட்டும்."

நான் துடைத்தேன், அவள் கழுவினாள்.
பதினாறு கப். ஒன்றில் காது இல்லை.
ஏதாவது சொல்ல வேண்டும்.
மன்னிப்பு என்ற சொல் வாய்வரை வந்து,
"இந்தக் கப்பைத் தூக்கிப் போடலாமா?" என்று வெளியே வந்தது.

"வேண்டாம்" என்றாள். "அதில்தான் நான் குடிப்பேன்."
பிறகு, குழாயை மூடிக்கொண்டே,
"இப்போது சந்தா எவ்வளவு?"

"பன்னிரண்டு."

"பகல் கொள்ளை."

கோட்டை மாட்டிக்கொண்டு மழையில் இறங்கிவிட்டாள்.

படிவத்தில் பென்சிலால்தான் எழுதியிருக்கிறேன்.
அஞ்சல் பெட்டி தெருமுனையில்.
வெள்ளிக்கிழமை வரை தவணை இருக்கிறது.