ஜனவரிக்கு ஒரு எண்

காலை ஏழு மணிக்கு அணையிலிருந்து
மெதெர் கூப்பிடுவான்.
வணக்கமெல்லாம் கிடையாது.
"நேற்றைக்கும் இன்றைக்கும் பதினோரு சென்டிமீட்டர்."
ஏறியதா இறங்கியதா என்று நான் கேட்பதில்லை.
ஜனவரியில் நாரின் நதி ஏறாது.

பிஷ்கெக்கில் என் மேஜையடியில் ஒரு ஹீட்டர்,
மேஜைமேல் மூன்று பத்தி அட்டவணை:
வளர்ச்சி, மின்சாரம், சுற்றுச்சூழல்.
ஒன்றில் கைவைத்தால்
மற்ற இரண்டும் சிவந்துகொள்ளும்,
திருகிய காதுபோல.

நீரைத் திறந்தால் நகரம் சூடாகும்.
கீழே, எல்லைக்கு அப்பால்,
உறைந்துகிடக்கும் ஆற்றின்மேல் அந்தத் தண்ணீர்
போக வழியின்றிப் பரவி
யாருடைய தொழுவத்திலாவது நுழையும்.
ஜூலையில் அதே ஆள்
பருத்திக்கு ஒரு மடை தண்ணீர் கேட்டு நிற்பார்.
அதை நான் பிப்ரவரியிலேயே
விளக்கெரித்துத் தீர்த்திருப்பேன்.

திறக்காவிட்டால் நிலக்கரி.
பக்கத்து வீட்டு அனார்குல்
மகனின் இருமலை வைத்தே
எந்தத் தெருவில் என்ன கரி எரிகிறதென்று சொல்லிவிடுவாள்.

இன்றைக்கு ஒரு மனு.
புதிய தையல் கூடம், முந்நூறு இயந்திரங்கள்,
இரவுப் பணி, நானூறு கிலோவாட்.
அனுப்பியவர் கானிகேய் எஷிம்பெகோவா.
மாதிரிக்கு ஒரு சட்டை வைத்திருந்தார்.
"மாஸ்கோ போன பெண்கள் திரும்பி வருவார்கள்,
என் தங்கை உட்பட" என்று
அடியில் பேனாவால் ஒரு வரி.
சட்டையைப் புரட்டிப் பார்த்தேன்.
துணி, கீழே அந்த வயல்களிலிருந்து வந்தது.

இயக்குநர் எட்டிப் பார்த்து
"மாலைக்குள் எல்லாம் பச்சையாகட்டும்" என்றார்.
சூத்திரத்தை அழித்துவிட்டு
கட்டத்துக்கு நிறம் மட்டும் பூசலாம்.
போன ஆண்டு பூசினோம்.
மார்ச்சில் ஊரே இருண்டது,
அட்டவணை பச்சையாகவே இருந்தது.

கூடத்துக்குச் சரி, இரவுக்கு இல்லை.
பகலில் தைக்கட்டும்.
சதுக்கத்து வண்ண விளக்குகள் பூஜ்யம்.
எங்கள் முகப்பு விளக்கும் பூஜ்யம்
(இதற்குச் சண்டை வரும்).
கூட்டினால் யானைப்பசிக்குச் சோளப்பொரி.
வினாடிக்கு முந்நூற்று எண்பது கன மீட்டர் என்று எழுதி,
எட்டை ஏழாக்கி,
ஹீட்டரைக் காலால் அணைத்துவிட்டு,
மறுபடி எட்டாக்கினேன்.

சிவப்பு மூன்றிலும் கொஞ்சம் மிச்சமிருந்தது.
அப்படியே கையெழுத்திட்டேன்.

மெதெரிடம் எண்ணைச் சொன்னேன்.
எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.
"அங்கே பனி உண்டா?"
"இங்கே இல்லை. மேலே, கணவாய்ப் பக்கம் கறுத்திருக்கு."

அதை எந்தப் பத்தியில் போடுவது?
ஓரத்தில் பென்சிலால் குறித்துவைத்தேன்:
கறுத்திருக்கு.