ஏழாம் எண் கூண்டு

"தண்ணியில்லாக் காட்டுக்குத் தூக்கியடிச்சிருவேன்" என்று
செயற்பொறியாளர் சொன்னதை
வெறும் மிரட்டல் என்றுதான் நினைத்தேன்.
வியாழக்கிழமை உத்தரவு வந்தது.
கூடலூரிலிருந்து மண்டபம்.
நாலு பேருந்து, ஒரு பெட்டி, ஒரு குக்கர்,
அண்ணன் கட்டிக்கொடுத்த தேயிலைத் தூள் இரண்டு கிலோ.

முதல் வாரமே வீட்டுக்குள் கணுக்கால் தண்ணீர்.
தண்ணியில்லாக் காடு!
மிதந்து வந்த செருப்புகளில் ஒன்று என்னுடையதில்லை.

மலையில் எனக்குத் தெரிந்த ஆபத்துகள் சொல்லிவிட்டு வரும்.
சுவரில் மயிரிழையாய் ஒரு வெடிப்பு,
ஓடைத் தண்ணீரில் திடீரென்று செம்மண்,
யானை என்றால் மூங்கில் முறிகிற சத்தம்.
இங்கே எண்ணில் சொல்கிறார்கள்.
பாம்பனில் கூண்டு ஏற்றிய அன்று
ஒன்றா, மூன்றா, ஏழா என்று
டீக்கடையில் லாட்டரி முடிவு மாதிரி விசாரிக்கிறார்கள்.

வீடு வீடாக மீட்டர் கணக்கெடுப்பது என் வேலை.
உப்புக்காற்று தின்ற பெட்டிகளில்
டார்ச் அடித்துத்தான் எண்ணைப் படிக்க வேண்டும்.
எழுதி முடிப்பதற்குள் அடுப்படி தெரிந்துவிடும்.
தோணித்துறையில் சூடை பொரிகிறது.
மரைக்காயர்பட்டினத்தில் ஒரு வீட்டில்
தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் கூடிக் கொதிக்கிறது.
தொதல், நாலு மணி நேரம் கிண்டணும்,
கையை எடுத்தா அடிப்பிடிச்சிரும் என்றாள் நூருல் ஐன்,
"யூனிட்டு எவ்வளவு?" என்று கேட்டபடி,
துடுப்பை நிறுத்தாமல்.

முண்டு மிளகாயைப் பார்த்துப் பயந்து
ஒன்றே ஒன்றைக் கிள்ளிப் போட்டேன்.
குழம்புக்கு நிறம் வந்தது, அவ்வளவுதான்.
பயப்பட வேண்டியது எது என்று
இந்த ஊரில் எனக்குப் பிடிபடவில்லை.

ஒருநாள் காலை கடல் இல்லை.
முந்நூறு அடி தள்ளிப் போய் நின்றிருந்தது.
வள்ளங்கள் சேற்றில் ஒருக்களித்துப் படுத்திருந்தன.
தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேனே,
கணக்குப் புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடினேன்.
எதிரே ஜெபமாலை, வாளியோடு,
கடல் இருந்த இடத்துக்கு நண்டு பொறுக்கப் போகிறாள்.
"பயமா இல்லையா?"
"பயந்தான். குழம்பு வைக்கணுமே."
ஓட ஆரம்பித்தவளுக்கு எங்கே நிற்பதென்று தெரியவில்லை,
ரயில்வே கேட் வரை ஓடினேன்.
மாலையில் கடல் திரும்பியது,
கடைக்குப் போய்விட்டு வந்தவர் முகத்தோடு.
எங்களில் யார் சரி என்று இன்றும் தெரியாது.
அடுத்த முறையும் ஓடுவேன்.
அன்றிரவு அவள் வீட்டு நண்டுக்குழம்பையும் சாப்பிடுவேன்.

கார்த்திகையில், சனிக்கிழமை மூன்று.
ஞாயிறு மதியம் ஏழு.
நூருல் ஐன் ஓலைக்கொட்டானில் தொதல் கொடுத்துவிட்டிருந்தாள்:
"கரண்டு போனாலும் கெடாது."
கரண்டை நிறுத்தப் போவதே நாங்கள்தான் என்று சொல்லியனுப்பினேன்.
அலுவலகத்தில் பதினோரு பேர், ஒரு மெழுகுவத்தி,
விரலில் ஒட்டும் கறுப்பு இனிப்பு.
விடிகாலை மூன்று மணிக்குக் கட்டடம்
பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது.

போனது இரண்டு மின்மாற்றி, சில தென்னை,
வேலுச்சாமி கடையின் கூரை.
புயல் வலுவிழந்தது என்றது வானொலி.
வலுவிழந்தது எங்கே போகும் என்று
யாரும் கேட்கவில்லை, நானும்தான்.

மறுநாள் இரவு அண்ணன் கூப்பிட்டான்.
"அங்க புயலாமே, நல்லாருக்கியா?"
"போயிருச்சு. வானம் பூரா நட்சத்திரம்."
அவன் குரலுக்குப் பின்னால் தகரத்தில் மழை,
நிற்க மனமில்லாத மழை.
பரமக்குடி, மதுரை, கோவை என்று
நான் வந்த தடத்திலேயே திரும்பிப் போய்
எங்கள் வீட்டு மேட்டில் இறங்கியிருக்கிறது.
"செவுத்துல?" என்றேன்.
"டார்ச் அடிச்சுப் பாத்துட்டு வரேன். வச்சிராத."

வைக்கவில்லை.
கொட்டானின் அடியில் கடைசித் துண்டு.
எடுத்த விரலில் ஒட்டியது,
அந்த விரலை அப்படியே பிடித்துக்கொண்டு
நடந்துபோகிற அவன் காலடியைக் கேட்கிறேன்.