கழித்தல் குறி

இக்லூலிக். ஜனவரிக் கடைசி.
பகல் என்பது கூட்டுறவுக் கடையின் பின்சுவரில்
கொஞ்ச நேரம் சாய்ந்து நிற்கிற வெளிச்சம்.
பள்ளிக்கூடத்துக் கிடங்கில் இரண்டு கணினி, ஒரு ஹீட்டர்.
ஜெய்பீட்டி கழற்றிவைத்த மான்தோல் கால்சட்டை
விறைத்து மூலையில் தானாக நிற்கிறது
மூன்றாவது ஆள் போல.
சூடு ஏற ஏற அது மெல்ல மண்டியிடும்.

நான் பனி எழுதுகிறவள்.
அதாவது, பனிக்கு எண் எழுதுகிறவள்:
உயரம், சரிவு, வழுக்கல்.
அவன் ஸ்னோமொபைல் மெக்கானிக், சீல் வேட்டைக்காரன்,
ஏழாம் வகுப்பில் என் பென்சில்களையெல்லாம் கடித்தவன்.
விளையாட்டைச் சோதித்துப் பார்க்க
மணிக்கணக்கில் கூலி பேசி வந்திருக்கிறான்.

முதல் நாள் முடிவில் சொன்னான்:
"அழகாயிருக்கு. தரை பொய்."

புயலுக்குள் போனால்
நீ வரைந்த வெள்ளைத் திரைச்சீலை இருக்காது, என்றான்.
கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருக்கும்,
காடும் இருக்காது.
அப்போது உவாங்னாக்தான் துணை.
இப்போது அடிக்கிற காற்றில்லை,
போன மாதம் அடித்துவிட்டுப் போன காற்று.
பனியை நாக்கு நாக்காகச் செதுக்கி
இறுக்கி வைத்துவிட்டுப் போயிருக்கும்.
மேலே எத்தனை புதுப்பனி விழுந்தாலும்
அடியில் அத்தனை நாக்கும் ஒரே திசையைச் சொல்லும்.
எந்தக் கோணத்தில் அவற்றைக் கடக்கிறோம் என்பது
முழங்காலுக்குத் தெரியும்.

முழங்காலை எப்படி நிரலாக எழுதுவது?

இரண்டு வாரம் போயிற்று.
கண்ட்ரோலருக்குள் இரண்டு குட்டி மோட்டார்கள் உண்டு,
குண்டு வெடித்தால் மட்டும் அதிர்பவை.
அவற்றிடம் நாக்குகளை ஒப்படைத்தேன்.
இடது உள்ளங்கையில் முதலில் தட்டினால் வீட்டு வழி.
வலதில் முதலில் தட்டினால் கடல்.
திரையை வெள்ளையாக்கினேன், பதினொரு நிமிடத்துக்கு.
வரைபடம் கிடையாது. அம்புக்குறி கிடையாது.

மொன்றியாலிலிருந்து மிரேய் எழுதினாள்:
பதினொரு நிமிடமா? டிவி கெட்டுப்போச்சு என்று
மூடிவிட்டுப் போய்விடுவார்களே.
ஜெய்பீட்டி என் தோளுக்கு மேலாக வாசித்தான்.
"போகட்டும். பாதியில் திரும்புகிறவன்
புத்திசாலி என்று எழுது."
யோசிக்கிறோம் என்று எழுதினேன்.

வெள்ளிக்கிழமை உட்கார்ந்தான்.
கண்ணை மூடிக்கொண்டான், திரை எப்படியும் வெள்ளை.
தட். தட்தட். தட்.
கட்டைவிரல் மட்டும் அசைந்தது.
இல்லாத நாய்களிடம் ஏதோ முனகினான்.
ஒன்பதாம் நிமிடம் முகம் மாறியது.
"இது வீட்டுக்குப் போகிற வழி இல்லையே."
நீதான் எங்கோ தப்பாக, என்று நான் தொடங்குவதற்குள்
பனி உடைகிற சத்தம்.
போன மார்ச்சில் அவனே போய்ப் பதிவு செய்தது,
மைக்கைக் கையுறைக்குள் பொத்திப் பிடித்து.
அப்புறம் தண்ணீர்.
அப்புறம் ஒளிரும் பொத்தான்: மீண்டும் முயல்க.

மூன்று மணி நேரம் தேடினேன்.
நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டாம் வரியில்
ஒரு கழித்தல் குறி.
இடத்துக்கு வலம், வலத்துக்கு இடம்.
என் நாக்குகள் அத்தனையும்
ஒன்றுக்கொன்று முரணில்லாமல்
ஒரே பொய்யைச் சொல்லியிருக்கின்றன.

"ஒரு சின்னக் கோடு," என்றேன்.
"ஒன்பது நாய், ஒரு ஆள்," என்றான்,
கடைக்காரர் கணக்குச் சொல்வது போல.
பிறகு சிரித்தான், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சரி பண்ணியாச்சு, வா, இன்னொரு தடவை.
பொத்தான் ஒளிர்ந்துகொண்டிருந்தது.
அவன் கண்ட்ரோலரைக் கவிழ்த்து வைத்தான்,
மண்டியிட்டிருந்த கால்சட்டையைத் தூக்கி நிறுத்தினான்.
"செத்தவன் இன்றைக்கே விளையாட மாட்டான்.
டீ குடிப்பான்."

அன்றிரவு அந்தப் பொத்தானை எடுத்துவிட்டேன்.
தண்ணீரில் விழுந்தவருக்கு இனி
இக்லூலிக்கில் சூரியன் உதித்த பிறகுதான் கதவு திறக்கும்.
நவம்பர் முடிவில் விழுகிறவர்
ஜனவரி பாதிவரை காத்திருக்கட்டும்,
நாங்கள் காத்திருப்பது போல.

மிரேய்க்கு இன்னும் சொல்லவில்லை.