எண்ணுதல்

ஒட்டாவா. ஏழாம் மாடி. பெப்ரவரி.
ஜன்னலுக்குக் கீழே உறைந்த கால்வாயில்
யாரோ விழுந்து எழுந்து சறுக்கப் பழகுகிறார்கள்.
என் திரையில் இருபது ஆண்டுகள்.
ஆண், பெண். வயது ஐந்தைந்தாக.
மாகாணம். மாதம்.
ஏன் என்பதற்கு நிரல் இல்லை.

குளிரும் இருட்டும்தான் காரணம் என்று
வேலைக்குச் சேர்ந்த புதிதில் நினைத்திருந்தேன்.
அட்டவணை வேறு சொன்னது:
பனி உருகி, மற்றவர்கள் எல்லாம்
சைக்கிளுக்குக் காற்றடிக்கும் மாதங்களில்
கோடு மெல்ல ஏறுகிறது.

பக்கத்து மேசை ஜோசலின்.
போன வருடம் கோடு கொஞ்சம் தாழ்ந்தபோது
"பிழை வரம்புக்குள்தான், கொண்டாடாதே" என்றாள்.
கோப்பியைக் கீழே வைத்துவிட்டு,
"இருந்தாலும்" என்றாள்.
அந்த "இருந்தாலும்" என்ற சொல்லுக்குள்
சிலர் இன்றைக்கும் பேருந்துக்குக் காத்து நிற்கிறார்கள்.
யார் என்று எங்களுக்குத் தெரியாது.
நடக்காததைப் பதியப் படிவம் கிடையாது.

நாற்பத்தைந்திலிருந்து நாற்பத்தொன்பது, ஆண், அல்பேர்ட்டா.
அந்தக் கட்டத்துக்கு வந்தால்
எனக்கு ரூபனண்ணாவின் ஞாபகம்.
எட்மன்டனில் பாரவண்டி ஓட்டுகிறார்.
விவாகரத்துத் தாள் வந்து ஐந்து மாதம்.
வைபரில் கட்டைவிரல் மட்டும் அனுப்புவார்.
மருமகளின் பிறந்தநாளுக்கும் கட்டைவிரல்.
அம்மாவின் திவசத்துக்கும் கட்டைவிரல்.

பயிற்சியில் சொல்லித் தந்தார்கள்:
நேராகக் கேள். கேட்பதால் எண்ணம் முளைக்காது.
ஆங்கிலத்தில் கேட்டுப் பழகியும் இருந்தேன்.
தமிழில் எந்த வினைச்சொல்?
'உயிரை மாய்த்துக்கொள்ள' வானொலிச் செய்தி.
'தவறான முடிவு' என்றால்
கேள்விக்கு முன்னாலேயே தீர்ப்பு வந்து உட்கார்ந்துவிடுகிறது.
சாப்பிட்டீங்களோ, அங்கை சரியான குளிரோ என்று
மூன்று ஞாயிறு கேட்டு வைத்துவிட்டேன்.

நேற்றிரவு பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டேன்:
"அண்ணா, சாகவேணும் போல இருக்கோ?"

தண்ணீரை நிறுத்தினேன்.
அந்தப் பக்கம் குளிர்சாதனப் பெட்டி உறுமியது.
"ஓம்" என்றார்.
பிறகு, "கனநாளா" என்றார்.
பிறகு, "நீ எப்பிடிக் கண்டுபிடிச்சனி?"

கட்டைவிரலைச் சொன்னேன்.
சிரித்தார். அழுதார் என்றும் சொல்லலாம்,
தொலைபேசியில் இரண்டும் ஒரே சத்தம்.

நான் வைக்கவில்லை.
உதவி இலக்கத்தையும் இணைத்து மூன்று பேராய்க் கதைத்தோம்.
அந்தப் பெண்ணின் குரல் அவசரமே படவில்லை.
கீழ்வீட்டுத் தெஸ்பாயே தலையணையோடு ஏறி வந்து
சோபாவில் படுத்துக்கொண்டான்.
வண்டிச் சாவி இப்போது அவனிடம்.
பத்தரைக்கு டொக்டர்.

எண்ணு என்றால் எங்கள் மொழியில்
கணக்கெடு என்றும் பொருள், நினை என்றும் பொருள்.
இத்தனை நாளும் முதலாவதற்குத்தான் சம்பளம்.
திரையில் அதே கட்டம்.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்கிறேன்.

அவருடைய பத்து இருபதுக்கு
வைபர் அதிர்கிறது.
கட்டைவிரல் இல்லை, எழுத்து:
"பார்க்கிங் கிடைக்கேல்லை. சுத்துறம்."